ஓலை வாசிக்கிறவர்

நம்மைப் பற்றி அவர் எழுதப் போகிறார் என்றால் அது முதலில் நமக்குத்தான் தெரியும். பத்திரிகை வெளிவருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். உட்காரச் சொன்னால் உட்காருவார். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுப்பார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். பிறகு நாம் செய்த அயோக்கியத்தனத்தை நமக்கே, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி, ஆரம்பம் முதல் கடைசி வரை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுவார்.

வாசித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார். "இதுல தப்பு ஏதாச்சும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிரும்."

திட்டு வாங்குவார். சில வீடுகளில் காபியும் வாங்குவார். இரண்டையும் ஒரே மாதிரி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர் இறந்தபோது தூத்துக்குடியில் ஒட்டிய போஸ்டர்களில் பத்திரிகையாளர், முன்னாள் எம்.பி., முன்னாள் தூதர் என்று மூன்று பட்டங்களை அடுக்கியிருந்தார்கள். கூடவே 'எளிமையின் சிகரம்' என்று ஒரு வரி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் எளிமையானவர் எல்லாம் கிடையாது. நல்ல சட்டை போடுவார், நல்ல மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார், கோபம் வந்தால் பேனாவைத் தூக்கி எறிவார். அந்த மூன்று பட்டங்களும்கூட எனக்கு மூன்றாகத் தெரியவில்லை. அவர் ஆயுள் முழுக்க ஒரே வேலையைத்தான் செய்தார், இடம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

நான் அவருடைய வாரப் பத்திரிகையில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறவளாகச் சேர்ந்தேன். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் வலையும் விற்கிற கடை ஒன்றின் மாடியில் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் தீவுகளுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள் வரிசையாக நிற்பது தெரியும். கீழேயிருந்து கயிற்று வாடையும் தார் வாடையும் ஏறி வரும். அவர், நான், விளம்பரம் வாங்கி வருகிற ஒரு அண்ணன், அவ்வளவுதான் மொத்தப் பத்திரிகையும்.

அவருடைய அப்பா எங்கள் கோவிலில் சாமியாருக்கு உதவியாக, உபதேசியாராக இருந்தவர். எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மாதா கோவிலில் ஒரு கல்யாணம் நடப்பதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் செய்ய இருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது உரக்க வாசிப்பது. தடை இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிடும், பின்னால் யாரும் வந்து கலகம் செய்ய முடியாது. அந்த ஓலையை வாசித்துவந்தது அவருடைய அப்பாதான். பிள்ளை பூசைக்கு அவ்வளவு ஒழுங்காக வர மாட்டார். ஆனால் அப்பாவிடமிருந்து இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். ஊரில் அவருக்கு 'ஓலை வாசிக்கிறவர்' என்றே பெயர்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் அண்ணாச்சி என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு ஓலை வாசிச்சா மொத வாரமே பாதி ஊரு எந்திரிச்சு நிக்கும்ளா. எல்லாவனப் பத்தியும் எழுதியிருக்கேன்லா" என்றார்.

சேர்ந்த புதிதில் ஒரு சம்பவம். விசைப்படகு ஒன்று ராத்திரியில் கரைக்கு மிக அருகில் வந்து, தருவைகுளத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவருடைய வலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. அண்ணாச்சி எழுதினார், நான் அடித்தேன், பக்கம் முடிந்தது. வழக்கம்போல் விசைப்படகுக்காரர் வீட்டுக்குப் போய் வாசித்தார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படகு என்னோடதுதான் வே. வலை அறுந்ததும் நெசந்தான். ஆனா வலைக்கு மேல வெளக்கு போடலங்கத எழுதலியே நீரு" என்றாராம்.

அண்ணாச்சி அந்த நேரத்திலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தருவைகுளம் போனார். வலைக்காரர் முதலில் மழுப்பினார், பிறகு அன்றைக்கு விளக்கு எரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். அண்ணாச்சி திரும்பி வந்து, விளக்கு எரியவில்லை என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். ஒரு வரி சேர்த்தால் பக்கம் முழுக்க இறங்கும். நான் முணுமுணுத்தேன்.

"நீ ஒரு வரி அடிக்கதுக்கு இவ்வளவு அலுத்துக்கிடுத. அந்த வரி இல்லன்னா விசைப்படகுக்காரரு ஆயுசு பூரா அத ஒண்ணையே சொல்லிக்கிட்டுத் திரிவாரு. வலை கிழிஞ்சது யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்றார்.

அந்த வாரம் விசைப்படகுக்காரர்களும் பத்திரிகை வாங்கவில்லை, நாட்டுப்படகுக்காரர்களும் வாங்கவில்லை. தருவைகுளத்துக்குப் போன கட்டு கயிறு அவிழ்க்காமல் திரும்பி வந்தது. அவர் அதன் மேலேயே டீ கிளாஸை வைத்துக் குடித்தார்.

இன்னொரு தடவை ஒரு கவுன்சிலர் வீட்டில் நாயை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். இவர் பின்வாங்கி, காம்பவுண்ட் சுவருக்கு வெளியே ஸ்கூட்டரின் மேல் ஏறி நின்று, நாய் குரைக்கக் குரைக்க முழுவதையும் வாசித்தார். கடைசியில் கேள்வியையும் கேட்டார். உள்ளேயிருந்து கவுன்சிலர், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, போய்த் தொலையும்" என்று கத்தியதைத் தெருவே கேட்டது. அதை விளம்பர அண்ணன் நடித்துக் காட்டும்போது நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

எல்லா நாளும் சிரிக்கும்படி இருந்ததில்லை. மண்ணெண்ணெயை வெளியே விற்றுவிட்டார் என்று ஒரு ரேஷன் கடை ஊழியரைப் பற்றிச் செய்தி. அன்று போகிற வழியில் என்னை வீட்டில் இறக்கிவிடுவதாக இருந்ததால் நானும் கூடப் போனேன். அந்த மனிதர் பனியனோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல் அவருடைய மகள் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இவர் வாசிக்க வாசிக்க அவள் எழுதுவதை நிறுத்தினாள். தப்பு இருக்கா என்று இவர் கேட்டபோது அந்த ஆள் மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். அந்தப் பிள்ளை எழுந்து உள்ளே போய்விட்டது.

திரும்பும்போது எனக்கு ஆத்திரம். "அவர வெளிய கூப்பிட்டு வாசிச்சிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றேன்.

வண்டியை மெதுவாக ஓட்டினார். எங்கள் தெரு முனையில் நிறுத்திவிட்டு, "நான் அந்தப் பிள்ளைய பாக்கலளா" என்றார். அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் "வீட்டுல வேற யாரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு, ஆளைத் தனியாக அழைத்துப் போய்த்தான் தாளைப் பிரிப்பார்.

இப்படிப்பட்டவரை ஒரு கட்சி தேர்தலில் நிறுத்தியது. நேர்மையானவர் என்று பெயர் இருக்கிறது, விசைப்படகு, நாட்டுப்படகு இரண்டு பக்கத்திலும் ஆளைத் தெரியும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். எதிர்த்து நின்றவர் பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து மொத்த வியாபாரத்தில் பெரிய ஆளானவர். நம் அண்ணாச்சி கூட்டத்தில் பேசப்போவதை எழுதிவைத்துக்கொண்டு, முந்தின நாள் சாயங்காலம் நேராக அந்த வியாபாரி வீட்டுக்கே போய் வாசித்துவிட்டு வந்தார். விஷயம் தெரிந்து மாவட்டச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தாளு என்ன சொன்னான்?" என்று கேட்டிருக்கிறார் செயலாளர்.

"ஒரு எடத்துல ஊரு பேரு தப்பா இருந்துச்சு. திருத்தினாரு. நல்ல மனுஷன். மெய்யாச் சொல்லுதேன், அவரு அவ்வளவு மோசமில்ல" என்றாராம் இவர்.

மறுநாள் இவர் மேடை ஏறுவதற்கு முன்பே அந்த வியாபாரி தன் மேடையில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டார். இவர் தோற்றார். அடுத்த தேர்தலில் செயலாளர் கூடவே ஒரு ஆளைப் போட்டு, சாயங்காலமானால் இவரை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டார். அந்தத் தடவை அலை அடித்தது. அந்தச் சின்னத்தில் ஒரு மின்கம்பத்தை நட்டு வைத்திருந்தாலும் ஜெயித்திருக்கும். இவரும் ஜெயித்தார்.

பத்திரிகையை மூடிவிட்டு டெல்லிக்குப் போனார். அங்கேயும் இதே வேலைதான். சபையில் ஒரு மந்திரியைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் அந்த மந்திரியின் அறைக்கே போய்க் கேள்வியை வாசித்துக் காட்டுவாராம். எதிர்பாராத நேரத்தில் மாட்டிவிடாத ஒரு எம்.பி. கிடைத்தால் மந்திரிகளுக்குக் கசக்குமா? எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று கடலோர ஊர்களுக்கு வெகுநாளாக வராமல் கிடந்த அலைத்தடுப்புச் சுவர் அவர் காலத்தில்தான் வந்தது. "மாட்டிவிட்டா கை தட்டுவாங்க. முன்னாடியே சொன்னா வேல நடக்கும்" என்பார். கை தட்டு வாங்கித் தராதவருக்குக் கட்சி மறுபடி சீட் தரவில்லை. அதற்குப் பதிலாக, யாருடைய யோசனையோ, நம் தோணிகள் போய்வருகிற ஒரு சின்னத் தீவு நாட்டுக்குத் தூதராக அனுப்பிவிட்டார்கள்.

நான் அதற்குள் கல்யாணம் முடித்து, அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சில சமயம் போன் செய்வார். அங்கே என்ன வேலை அண்ணாச்சி என்று கேட்டேன்.

"இவங்க சொல்லுதத அவங்ககிட்ட வாசிக்கேன். அவங்க சொல்லுதத இவங்ககிட்ட வாசிக்கேன். அதே பொழப்புதான். நாய் மட்டும் இல்ல" என்றார்.

என் தம்பி ஜெரோம் அப்போது தோணியில் வேலை பார்த்தான். எங்கள் அம்மாவுக்கு அதில் ஒரு பயம் உண்டு. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தோணியில் தடை செய்த சரக்கைக் கடத்திப் பிடிபட்டு, குடும்பமே சீரழிந்து போனதைப் பார்த்தவள். ஜெரோம் முதல்முதலாகத் தோணி ஏறுகிற அன்று அவனை மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, அப்படிப்பட்ட எதையும் கையால் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினாள். அவன்மேல் அம்மாவுக்கு உயிர். அப்பா இல்லாத வீட்டில் கடைசிப் பிள்ளை.

வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு அந்தத் தீவு நாட்டுக்குப் போன அவனுடைய தோணியில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே மது பாட்டில்கள் இருந்ததைத் துறைமுகத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த நாட்டில் அது பெரிய குற்றம். தோணியை ஓட்டிச் செல்லும் தலைவரான தண்டல் முதல் சமையல் செய்கிறவர் வரை எல்லோரையும் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். செய்தி வந்ததும் அம்மா படுத்தவள்தான். ஏற்கெனவே மூச்சு இளைப்பு உண்டு, இப்போது நிமிர்ந்து உட்காரவே முடியவில்லை. "எம்புள்ள தொட்டிருக்க மாட்டான். யாரோ வச்சிருக்கான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

தெருவில் எல்லோரும் தைரியம் சொன்னார்கள். நம்மாளுதான அங்கன தூதரு, விட்டுருவாரா என்றார்கள். நான் அண்ணாச்சிக்குப் போன் செய்து அழுதேன். "நான் போயிப் பாக்கேன்ளா" என்றார். தோணி ஏஜெண்டும் நல்ல செய்தி கொண்டுவந்தார். தூதரகத்தில் மனு தயாராகிவிட்டது, இந்தத் தொழிலாளிகள் யாருக்கும் எதுவும் தெரியாது, விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், ஜெரோம் பேரும் அதில் இருக்கிறது, தூதர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார். அம்மா அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியான நேரத்தில் கடைக்குப் போன் வந்தது.

"ஏளா, தனியா இருக்கியா?"

"கடையில இருக்கேன் அண்ணாச்சி. யாருமில்ல."

"ஷட்டரைப் பாதி எறக்கிட்டு உக்காரு. ஒண்ணு வாசிக்கப் போறேன்."

ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். எத்தனை பேர் வீட்டு வாசலில் இந்தக் குரலைக் கேட்டிருப்பேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் மாற்றி மாற்றி, நிறுத்தி நிதானமாக வாசித்தார். முதல் பாராவில் தண்டல், மற்ற தொழிலாளிகள், ஒவ்வொருவர் பெயராக. இவர்களுக்கு எதுவும் தெரியாது, இவர்களை விடுவிக்க வேண்டும். அடுத்த பாராவில் ஜெரோம். வயது குறைவு, இதற்கு முன் எந்தக் குற்றமும் செய்ததில்லை, ஊரில் தாயார் நோயாளி, கருணை காட்ட வேண்டும்.

"அண்ணாச்சி, மேல ஜெரோம் பேரு வரலியே."

"வரல. கீழதான் வருது."

"கீழ கருணை காட்டணும்னு இருக்கு. தப்பு செஞ்சவனுக்குல்லா கருணை?"

மறுமுனையில் தாளை மடிக்கிற சத்தம் கேட்டது.

"அவனுக்குத் தெரியும்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

"எழுதுனது நான். கோவம்னா எம்மேல படு."

"அவனா சொன்னான்?"

"அத அவன் வந்து சொல்லட்டும். இதுல தப்பு இருக்கான்னு மட்டும் சொல்லுளா."

"கம்பிக்குள்ள கெடக்கவன் எப்பிடி அண்ணாச்சி வந்து சொல்லுவான்? அவன் பேரயும் மேல போட்டுருங்க. ஒரு பேருதான. அம்மா இதக் கேட்டா செத்துருவா."

"முடியாதுளா" என்றார்.

"அப்போ ஒங்களுக்குப் போன் போட்டு அழுதேன்லா, அதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

தண்டலும் மற்றவர்களும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். ஜெரோம் வரவில்லை. அவர்களுக்கும் விவரம் தெரியவில்லை. தூதர் வந்தார், ஒவ்வொருத்தராகத் தனியே கூப்பிட்டு மனுவை வாசித்துக் காட்டினார், பிறகு என்ன மாறியது என்று தெரியாது என்றார்கள். தண்டல் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று அழுதுவிட்டுப் போனார். கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் போதும், இவர் போய் வாசித்துக் கெடுத்தார் என்று ஏஜெண்டு சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. இத்தனை வருஷமாக வாசலில் நின்று அவர் வாசித்ததையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவர்கள் இப்போது ஆசை தீரத் திட்டினார்கள். சொந்த ஊர்ப் பிள்ளையை உள்ளே தள்ளியவர் என்று கட்சிக்காரர்களே மேடையில் பேசினார்கள். ஜெரோம் சிறையிலிருந்து ஒரு தடவை பேசினான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். "அக்கா, அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பக்கத்தில் ஆள் நின்றிருப்பான், பயந்து சொல்கிறான் என்று நினைத்தேன்.

லீவில் ஊருக்கு வந்தபோது அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தூதருக்கு உண்டான காரும் ஆளும் இல்லாமல் ஆட்டோவில் வந்தார். அவரைப் பார்த்ததும் அம்மாவுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, நீ உபதேசியார் பிள்ளதானலே? எம்புள்ள மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணிக் குடுத்தவன்லே. அவன் அதத் தொட்டிருப்பானாலே? சொல்லுலே" என்றாள்.

ஊரில் அவரை ஏலே என்று கூப்பிடுகிற ஆள் அம்மா தவிர யாரும் மிச்சமில்லை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பதில் சொல்வார் என்று நானும் அவர் முகத்தையே பார்த்தேன். அம்மா மூச்சு வாங்க வாங்க, தனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் சொல்லித் திட்டினாள். அவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு இருமல் வந்து பேச்சு நின்றபோது, "அவன நான் பாத்துக்கிடுதேன் பெரியம்மா. வாரா வாரம் ஆளு போயிப் பாத்துட்டு வருது. சாப்பாடெல்லாம் நல்லாத்தான் குடுக்காங்க" என்றார்.

"நீ ஒண்ணும் பாக்க வேண்டாம். எந்திரிச்சுப் போ."

எழுந்து போனார். வாசலில் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அம்மா மழைக்காலத்தில் செத்துப்போனாள். ஜெரோம் வர முடியவில்லை. தூதர் பதவி முடிந்து அவரும் திரும்பி வந்தார். எந்தக் கட்சியும் அவரைத் தேடவில்லை. மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்தார். அந்த வழியாகப் பல தடவை போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை.

தண்டனை முடிந்து ஜெரோம் வந்தான். நேராக அம்மாவின் கல்லறைக்குப் போக வேண்டும் என்றான். அங்கே மண்ணில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதான். பிறகு, "அக்கா, அத நாந்தான் ஏத்துனேன்" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவனே சொன்னான். ஒரே ஒரு தடவை என்று நினைத்து வெங்காய மூட்டைக்கு நடுவே அவன்தான் பாட்டில்களை வைத்திருக்கிறான். வேறு யாருக்கும் தெரியாது. பிடிபட்ட பிறகு வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி வந்து ஒவ்வொருவரையாகத் தனியே கூப்பிட்டு முதல் மனுவை வாசித்திருக்கிறார். ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது என்று எழுதினால் தொழிலாளிகளை விட்டுவிடுவார்கள், ஆனால் அந்த ஊர்ச் சட்டப்படி முழுப் பொறுப்பும் தண்டல் தலையில் விழும், அவர் மட்டும் உள்ளே இருக்க வேண்டும் என்பதையும் விளக்கியிருக்கிறார். தண்டல் அதைக் கேட்டுவிட்டு, "பிள்ளைகள அனுப்பிச்சிரும். என் தோணிதான, நான் கெடக்கேன்" என்று சொல்லிவிட்டாராம்.

"கடைசியா என்னைக் கூப்பிட்டாருக்கா. தண்டல் இப்பிடிச் சொல்லுதாருன்னாரு. பொறவு இதுல தப்பு இருக்கான்னு கேட்டாரு. என்னால இல்லன்னு சொல்ல முடியல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆனா நான் சத்தியத்த மீறிட்டேன்னு அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது, ஒங்ககிட்டயும் சொல்லக் கூடாது, நானே வந்து சொல்லுதேன்னு அவரு காலப் புடிச்சேன். சரின்னாரு."

மறுநாள் காலையில் மாப்பிள்ளையூரணிக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. பின்பக்கத்தில் லுங்கியோடு உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், நேற்றுத்தான் வந்து போனவளைப் பார்ப்பதுபோல், "வாளா" என்றார்.

"ஜெரோம் வந்துட்டான் அண்ணாச்சி."

"கேள்விப்பட்டேன்."

"சொல்லிட்டான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்போ சரி" என்று அடுத்த மீனை எடுத்தார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் சண்டைதான் வந்தது.

"ஊரு பூரா ஒங்களத் தூத்துச்சு. ஒரு வார்த்த சொன்னீங்களா? எங்கம்மா ஒங்களத் திட்டிக்கிட்டேதான் அண்ணாச்சி செத்தா. சாவுக்கு முன்னால சாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசுன அன்னைக்கு, எல்லாரையும் மன்னிச்சுட்டியாம்மான்னு கேட்டாரு. எல்லாரையும் மன்னிச்சுட்டேன் சாமி, அந்த உபதேசியார் மவன் ஒருத்தனத் தவிரன்னு சொன்னா. அத நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்தீங்கள்லா, அவ காதுல ஒத்த வரி சொல்லியிருக்கக் கூடாதா?"

கத்தியைக் கீழே வைத்தார். கையில் ஒட்டிய செதிலைத் தட்டிவிட்டார்.

"என்னையத்தானளா திட்டுனா?" என்று கேட்டார்.

"ஆமா."

"கடைசி வரைக்கும் பிள்ளைய ஒரு வார்த்தை சொல்லலேல்லா?"

"இல்ல."

"பொறவென்ன" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து, அம்மா செத்த அன்று அழ முடியாமல் போனதையெல்லாம் அழுதேன்.